இருபத்திரண்டாவது எழுத்து

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த வான்மதி சொன்னது. அவளுக்கு அவளுடைய அம்மா சொன்னது. அந்த அம்மா சிப்பிமேட்டுக்கு அடுத்த ஊர், தினமும் அங்கே ஏலத்துக்குப் போய் மீன் எடுக்கிறவர். வழியில் யாராவது எதையாவது சேர்த்திருந்தால் எனக்குத் தெரியாது. நான் சேர்க்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். ஒன்றே ஒன்றைப் பிறகு சரிபார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிப்பிமேட்டுக் கடற்கரையில், ஏலக் கொட்டகைக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு சாண் குறைவாக ஒரு கறுப்புக் கல் நின்றது. மேல்பாதி முழுக்கச் சீன எழுத்து, கீழ்ப்பாதி வெறுமை. எந்தக் காலத்தில் யார் நட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வலைக் கயிற்றைக் கட்டி இழுக்க அது வாகாக இருந்தது, முதுகு அரித்தால் தேய்த்துக்கொள்ள வாகாக இருந்தது, அவ்வளவு போதும் என்று பல தலைமுறை அதன்மேல் சாய்ந்து பீடி குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தது.

அஞ்சலாட்சி கல்யாணமாகி சிப்பிமேட்டுக்கு வந்த வருடம்தான் லின் என்ற சீனத்துப் பெண் அந்தக் கல்லைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் சென்னையில் தங்கித் தமிழ் படித்தவள், புத்தகத்தில் இருக்கிற தமிழை அப்படியே பேசுவாள். "தாங்கள் சற்று விலகி நின்றால் வெளிச்சம் நன்றாக விழும்" என்று அவள் சொன்னதும் மீன்கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "என்னாங்கடி இது, கல்யாணப் பத்திரிகையைப் படிக்கிற மாதிரில்ல பேசுது!" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு ஏலக் கொட்டகை வரைக்கும் போனது. லின்னும் சிரித்தாள். நான்கு நாள் இருந்தாள். மெல்லிய காகிதத்தை நனைத்துக் கல்லின்மேல் விரித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டித் தட்டி, பாதி காய்ந்ததும் பஞ்சுப் பொட்டலத்தில் மையைத் தொட்டு ஒத்தி ஒத்தி எடுத்தாள். பள்ளத்துக்குள் இறங்கிய காகிதத்தில் மை படாது, ஆகவே கல் முழுக்கக் கறுப்பாகவும் எழுத்து மட்டும் வெள்ளையாகவும் உரிந்து வந்தது. துணிக்குக் கஞ்சி போடத் தெரிந்த பெண்களுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. கல்லை இறுக்கி ஒத்தினால் கல்லின் சொரசொரப்பும் பொரியாக விழும், நொய்யரிசி சிந்தியது மாதிரிப் பொடிப்பொடி வெள்ளையாக விழும், அதுதான் நல்ல பிரதிக்கு அடையாளம் என்று லின் காட்டியபோது அஞ்சலாட்சி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். நாலாம் நாள் கடைசித் தாளை அவளே ஒத்தினாள். "தங்கள் கை நல்ல கை" என்றாள் லின்.

கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர்த்தலைவர் நாட்டார் கேட்டதற்கு லின் விரலை வைத்து மேலிருந்து கீழாகப் படித்துச் சொன்னாள். இருபத்திரண்டு பேர் ஒரே கப்பலில் தெற்குக் கடலுக்கு வந்தார்கள். காற்று திரும்பியது, ஆட்கள் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு இந்தக் கல்லே உடல். அதற்குப் பிறகு வருபவை அவர்களுடைய குடும்பப் பெயர்கள், ஆளுக்கு ஓர் எழுத்து.

அஞ்சலாட்சியின் புருசன் கலைமணி விரல் விட்டு எண்ணினான். "இருபத்தொண்ணுதான் இருக்கு" என்றான். லின் திரும்ப எண்ணிவிட்டு, ஆமாம், கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது, கல்தச்சர் கணக்கில் பிழை செய்திருக்கலாம் என்றாள். "பிழையெல்லாம் இல்லம்மா. ஒருத்தன் நீந்தி வந்துட்டான்" என்றான் கலைமணி. எல்லோரும் சிரித்தார்கள்.

போகிற அன்று லின் இன்னொன்றும் சொன்னாள். எழுத்துக்கு எலும்பு வேண்டும், நரம்பு வேண்டும், சதை வேண்டும், மூன்றும் இருந்தால்தான் அது எழுந்து நிற்கும். இதை எழுதினவருடைய கைக்கு மூன்றும் இருக்கிறது, ஆனால் கடைசி வரிசைக்கு வரும்போது தூரிகையை எடுத்து எடுத்து, நின்று நின்று எழுதியிருக்கிறார், தூரிகை உலர்ந்துபோன கோட்டைக்கூடத் தச்சர் விடாமல் வெட்டியிருக்கிறார் என்று. இது மற்றவர்களுக்கு எப்படிப் பட்டதோ, மீன்கார ஜனத்துக்குச் சட்டென்று விளங்கியது. அதற்குப் பிறகு அந்த எழுத்துகளை யாரும் எழுத்தாகப் பார்க்கவில்லை. இது வலை இழுக்கிறவன், இது தலையில் சுமையோடு நிற்கிறவன், இது குந்தியிருக்கிறவன் என்று ஆட்களாகப் பார்த்தார்கள்.

அடுத்த கார்த்திகையில் மாசிலாமணி கடலுக்குப் போய் வரவில்லை. கட்டுமரம் மட்டும் ஒதுங்கியது. மூன்றாம் நாள் காலையில் கல்லின் கீழ்ப்பாதியில், வெறுமையாய் இருந்த இடத்தில், புதிதாக ஓர் எழுத்து வெட்டியிருந்தது. உளிச் சத்தம் யாரும் கேட்கவில்லை, கல்தூள் கீழே சிந்தியிருக்கவில்லை. மாசிலாமணியின் அம்மா தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்த எழுத்தின் இடதுபக்கக் கோடு தோள் இறங்கினதுபோலச் சரிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்து, "இது எம் புள்ளதான். சின்ன வயசுல தோளு எறங்கிப்போச்சு அவனுக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே கல்லைக் கட்டிக்கொண்டாள். நாட்டார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கல்லுல எடம் இருக்கு, எழுதுது. ஆக வேண்டியதைப் பாருங்க" என்றார்.

ஆக வேண்டியதைத்தான் பார்த்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்குப் புல்லில் உருவம் கட்டி எரிக்கிற வழக்கம் இருந்தது; இனிப் புல் வேண்டாம், எழுத்து இருக்கிறதே என்று ஆனது. செத்தவனுடைய வேட்டியில் ஒரு முழம் கிழித்து, கஞ்சியில் நனைத்து, கல்லில் ஒட்டி, விளக்குக்கரியைக் குழைத்து ஒத்தி எடுத்து, அதைப் பாடையில் வைத்து எரித்தார்கள். ஒத்தி எடுத்தது அஞ்சலாட்சி. கல்லின்மேல் சாய்ந்து பீடி குடிப்பது நின்றது. ஏலம் இருபது அடி தள்ளிப்போனது. மாசித் திருவிழாவில் அம்மன் ஊர்வலம் கல்லைச் சுற்றி ஒரு திருப்பம் திரும்பிப் போக வேண்டும் என்று முடிவானது, எந்தப் பக்கமாகத் திரும்புவது என்பதில் இரண்டு தெருக்காரர்கள் கைகலந்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கல்லைக் கடக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள், ஆனால் கடந்த பிறகு கேலிக்குக் குறைவில்லை. "டேய், உன் எழுத்து வந்தா மூக்குக்கே தனியா ஒரு கோடு போடணும்டா" என்று ஒருவன் சொல்வான், "உனக்குத் தொப்பைக்கே எடம் பத்தாது" என்று மற்றவன் சொல்வான். ஒரு குடிகாரன் பட்டப்பகலில் கல்லின் முன்னால் நின்று, "எனக்கு நல்லா பெருசா, ஊரே பாக்குற மாதிரி எழுது, சாமி" என்று கேட்டு, மனைவியிடம் விளக்குமாற்றால் வாங்கினான். எழுத்தைப் படம் எடுத்து லின்னுக்கு அனுப்பினார்கள். இந்த எழுத்து எந்த அகராதியிலும் இல்லை, ஆனால் அதே கை, எலும்பு இருக்கிறது என்று அவள் பதில் எழுதினாள். விசாரிக்கத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும், "யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தை நான் எப்படிங்க எழுதிக்கிறது?" என்று கேட்டார். தையல்நாயகி அவரைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியுதே" என்றாள்.

அதற்கடுத்த வருடம் வாடைக்காற்றில் ஒரு பைபர் படகு திரும்பவில்லை. அதில் வைரக்கண்ணும் அவர் தம்பி பூவராகனும் கலைமணியும் இருந்தார்கள். அஞ்சலாட்சிக்கு அப்போது எட்டு மாதம்.

நாலாம் நாள் காலையில் இரண்டு எழுத்துகள் வந்தன, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று குட்டையாய்க் கால் அகட்டி நின்றது, வைரக்கண்ணு. ஒன்று தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது, பூவராகன். அதற்கடுத்த கட்டம் வெறுமை. வயிற்றில் பிள்ளையோடு சாவுக் காரியத்துக்குப் போகக் கூடாது என்று அஞ்சலாட்சியை வீட்டை விட்டு விடவில்லை; சேதி வாசலுக்கு வந்தது. கலைமணியின் கூட்டாளி தேசிங்கு, கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவன், கைகளில் ரெசின் பசை வாடையோடு வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ரெண்டு எழுத்துதான் தங்கச்சி. மூணாவது இல்ல."

"நல்லாப் பாத்தியா அண்ணே?"

"பாத்தேன். மழமழன்னு இருக்கு."

அவள் நான்கு நாளில் முதல் முறையாக, சோறு கேட்டாள். ஒருத்தன் நீந்தி வந்துட்டான் என்று அவனே சொன்னானே, எல்லோரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்.

பிள்ளை பிறந்தது, பெண். செவ்வந்தி என்று பெயர் வைத்தாள். முப்பதாம் நாள் தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குப் போனாள். அந்தச் சின்ன உள்ளங்கையை விரித்து, பூவராகனுக்கு அடுத்த கட்டத்தில், வெறுமையில், பதித்தாள். "பாத்தியா, இங்க அப்பா இல்ல. அப்பா இருக்காரு." அன்றிலிருந்து ஏலத்துக்குப் போகிற வழியில் தினமும் அதைச் செய்தாள். குழந்தை தவழ்ந்தபோது தூக்கிக் காட்டினாள், நடந்தபோது நடத்திக் காட்டினாள், பேச வந்தபோது செவ்வந்தியே கையை வைத்து, "இங்க அப்பா இல்ல, அப்பா இருக்காரு" என்று பாட்டு மாதிரிச் சொன்னாள். அந்த நேரத்தில் கூடைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் கூடையில் ஏதோ வேலை வந்துவிடும், தையல்நாயகி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், வலை கட்டுகிற ஆண்கள் முடிச்சைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். பெற்ற பிள்ளையின் எழுத்து வந்தவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும் என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொள்வாள். அவர்கள் முன்னால் பூவைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்வாள். பொட்டை மட்டும் குறைக்கவில்லை.

சிப்பிமேட்டுப் பெண்கள் சண்டை என்று வந்தால் மூன்று தலைமுறையைத் தோண்டி வெளியே போடுகிறவர்கள். ஒருமுறை வஞ்சிரக் கூறு ஒன்றுக்காக வைரக்கண்ணுவின் மனைவி ராசகுமாரிக்கும் அஞ்சலாட்சிக்கும் ஏலத்தில் முட்டிக்கொண்டது.

"புருசன் வருவான் வருவான்னு பூவும் பொட்டுமாத் திரியுறியே, உம் புருசன்…" என்று ஆரம்பித்த ராசகுமாரி அந்த இடத்தில் நின்றுவிட்டாள். ஏலம் நின்றது. தராசு பிடித்தவன் நின்றான். "எம் புருசனுக்கு என்னடி?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். ராசகுமாரி கூறு போட்ட வஞ்சிரம் முழுவதையும் எடுத்து அஞ்சலாட்சியின் கூடையில் போட்டுவிட்டு, மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பாவம், இவளுக்குத் தன் புருசன் நினைப்பு வந்துவிட்டது என்று அஞ்சலாட்சி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அப்படி மூன்று வருடமும் சில மாதங்களும் போயின. அந்த நாட்களில் யாரையும் கடல் வைத்துக்கொள்ளவில்லை, போனவர்களைத் திருப்பித் தந்தது, ஆகவே எழுத்துக்கும் வேலையில்லை. பிறகு ஒரு நாள் குணசீலன் என்கிற பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தவன், கடலில் போய்விட்டான். நான்காம் நாள் காலை எழுத்து வந்தது. நெடிய எழுத்து, தலை நிமிர்ந்த எழுத்து. ஆனால் பூவராகனுக்கு அடுத்த கட்டத்தில் வரவில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி, அதற்கடுத்ததில் வந்திருந்தது.

அஞ்சலாட்சி கஞ்சித் துணியோடு வந்தவள் அதைப் பார்த்து நின்றாள். மேலே இருபத்தொன்றும் கீழே மூன்றும் வரிசை தப்பாமல் வந்திருக்க, இப்போது மட்டும் கல் ஏன் ஓர் இடத்தைத் தாண்டியது? தன் புருசனுக்கென்று இடம் போட்டு வைத்திருக்கிறதோ என்று நினைத்தாள். குணசீலனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள், காத்திருக்க வைக்கக் கூடாது. எழுத்து நெடியது, துணி அகலம். விரித்தபோது துணி வெறும் கட்டத்தையும் மூடிக்கொண்டது. காற்றில் பறக்காமல் மேல் முனையைத் தேசிங்கு பிடித்துக்கொண்டான்.

தென்னை நார்ப் பிரஷ்ஷால் தட்டினாள். வெயில் ஏறியது. துணி பாதி காய்ந்ததும் கரியைத் தொட்டு ஒத்த ஆரம்பித்தாள். குணசீலன் வெள்ளையாய் எழுந்து வந்தான், அவனைச் சுற்றிக் கல் கறுப்பாய் வந்தது, கறுப்புக்குள் நொய்யரிசி சிந்தியதுபோலப் பொரி விழுந்தது. ஒத்திக்கொண்டே வெறும் கட்டத்துக்கு வந்தாள். அங்கே பொரி விழவில்லை. மறுபடி ஒத்தினாள். கறுப்பு இன்னும் கறுப்பானதே தவிர ஒரு புள்ளி வெள்ளை இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு, நான்கு பக்கமும் நேராக, எண்ணெய் ஊற்றியதுபோல மழமழவென்று ஒரு சதுரம். இந்த மாதிரி மழமழப்பை அவள் வேறோர் இடத்தில் தினமும் பார்த்திருக்கிறாள். கரையில் கவிழ்த்துப்போட்ட பைபர் படகுகளின் வயிற்றில், ஒட்டுப்போட்டுத் தேய்த்த இடத்தில்.

தலையைத் தூக்கினாள். தேசிங்கு துணி முனையை விடப் பார்த்தான்.

"கையை எடுக்காதே. துணி நகந்துரும்" என்றாள்.

குணசீலனை முழுசாக ஒத்தி எடுத்து, உரித்து, அவன் அம்மாவின் மடியில் விரித்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதில் முகத்தைப் புதைத்தபிறகுதான் அஞ்சலாட்சி கூடையிலிருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தாள். சதுரத்தின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்தாள். புண்ணின் பக்கு உரிவதுபோல அது முழுசாக அவள் கையில் வந்து விழுந்தது. உள்ளே கலைமணி நின்றான்.

படகில் நிற்கும்போது ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்துக்கொண்டு, கையை நெற்றிக்குக் குடை பிடித்துத் தூரத்தைப் பார்ப்பான். அதே கால், அதே கை. முகம் கடல் பக்கம்.

தேசிங்குதான் பேசினான்.

"அன்னிக்கு விடியக்காலம் மொத ஆளா நாந்தான் பாத்தேன். உனக்கு எட்டு மாசம். கைல ரெசின் டப்பா இருந்துச்சு. கல்லைப் பொடிச்சுக் கலந்து பூசிட்டேன். பொறவு நாட்டாருகிட்டச் சொன்னேன். புள்ள பொறக்கட்டும்னாரு. பொறந்துச்சு. மொகம் பாக்கட்டும்னாங்க. நடக்கட்டும்னாங்க. அப்புறம்… நாளு அமையல, தங்கச்சி."

"நாளா அமையல? ஆயிரம் நாளு காலைல வந்தேன்டா இங்க. அதும்மேலயே எம் புள்ள கையை வச்சேனே, ஒருத்தரு, ஒரே ஒருத்தரு…"

"நான் நெசமா ஒட்டியிருந்தா நம்ம ஆயுசுக்கும் விட்டிருக்காது. ஈரக் கல்லுலதான் வச்சேன். ஈரத்துல வச்சா என்னிக்காவது ஒரு நாளு தானா விட்டுரும். கல்லே சொல்லிக்கட்டும்னு நெனச்சேன்."

கலைமணியோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் அவன். அஞ்சலாட்சி கரிப் பொட்டலத்தை அவன் முகத்தில் எறிந்தாள். கறுப்பு வழிய அப்படியே நின்றான்.

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் ஏலத்துக்குப் போகவில்லை. சிப்பிமேட்டில் நூற்றுப் பதின்மூன்று வீடு, முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தெரியும் என்றார்கள், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தெரியும் என்றார்கள், அவளோடு பேச்சு இல்லாதவர்கள் தெரியும் என்றார்கள், அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் தெரியும் என்றாள், நாட்டார் எழுந்து நின்று தெரியும் என்றார், குடிகாரன் தெரியும் என்றான், அவனுக்குக்கூடத் தெரிந்து அவன்கூடக் குடிபோதையில் ஒருநாளும் உளறியிருக்கவில்லை. கடைசி வீடு தையல்நாயகியுடையது.

"உனக்கு மட்டுந்தான் ஆத்தா தெரியாது" என்றாள் அவள். "எம் புள்ள எழுத்தை மொத நாளே எனக்குக் காட்டிட்டாங்க. அன்னிக்கே நான் போயிட்டேன். இப்ப நடக்கிறது வேற யாரோ. நீயாவது மூணு வருசம் இருந்தியேடி."

அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்த ரெசின் ஒட்டை அவிழ்த்துப் பார்த்தாள். முன்பக்கம் மழமழப்பு. திருப்பினாள். பின்பக்கத்தில், பள்ளத்துக்குள் இறங்கி உறைந்த ரெசினில், எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது, ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல மாறி நின்றது. கல்லில் அவன் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். ஒட்டில் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

நாலாம் நாள் காரியம் என்று சொல்லியனுப்பினாள். கலைமணியின் வேட்டியில் ஒரு முழம் கிழித்துக் கஞ்சியில் ஊறப்போட்டாள். மகளுக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்; இனி ஒரு நாளும் எவரும் எவருக்கும் மறைக்கக் கூடாது, அவள் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வைராக்கியம் இருந்தது. அன்று காலையில் செவ்வந்தி எழுந்து, முகம் கழுவி, வழக்கம்போல அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லுக்குப் போனாள். மூன்று நாளாகத் தவறிப்போனதால் ஓடிப்போய்க் கையை வைத்தாள். விரல் பள்ளத்துக்குள் இறங்கியது. வாயில் பாட்டு வந்தது, பாதியில் நின்றது.

"அம்மா, இங்க என்னமோ இருக்கே!"

கூடைக்காரப் பெண்கள் குனிந்துகொள்ளவில்லை. இந்த முறை எல்லோரும் அஞ்சலாட்சியையே பார்த்தார்கள். அவள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையின் நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

"நண்டு கீறிருக்குடி" என்றாள்.

"கல்லையா?"

"பெரிய நண்டு."

செவ்வந்தி பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப அப்பா?"

"அப்பாவுக்கு என்ன. அப்பா இருக்காரு."

ராசகுமாரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிள்ளை சமாதானமாகிப் பால்வாடிக்குப் போனது.

காரியம் பிள்ளை வருவதற்குள் நடந்தது. அஞ்சலாட்சியே துணியை ஒட்டி, தட்டி, ஒத்தி எடுத்தாள். பொரிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்க் கலைமணி எழுந்து வந்தான். கரையிலேயே எரித்தார்கள். முழத் துணி எரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான் அவள் அழுதாள். பொட்டழிக்க வந்த பெண்களிடம் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர்கள் நாட்டாரைப் பார்த்தார்கள். "காரியம் முடிஞ்சுது. மத்தது அது இஷ்டம்" என்றார் அவர்.

எல்லோரும் போனபிறகு அவள் படகுகள் கவிழ்ந்து கிடக்கும் இடத்துக்குப் போனாள். முகத்தில் இன்னும் போகாத கரிக்கறையோடு தேசிங்கு உப்புத்தாளால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒட்டை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து நல்ல தண்ணீர் ஒரு குடம் எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போய், அந்தப் பள்ளத்தில் இருந்த உப்பையெல்லாம் கழுவினான்.

"அண்ணே" என்று அவள் கூப்பிட்டாள். "நல்லாக் காயட்டும். ஈரத்துல வைக்காத."

இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து, வெயில் கல்லைக் காய வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் செவ்வந்தி கையை வைத்தபோது அந்த இடம் மழமழவென்று இருந்தது. "நண்டு போயிருச்சு" என்றாள். பிறகு பாட்டைச் சொன்னாள். கூடைக்காரப் பெண்களுக்குக் கூடையில் ஏதோ வேலை இருந்தது, தையல்நாயகி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அஞ்சலாட்சியும் அவளோடு சேர்ந்து கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வான்மதி சொன்னது இவ்வளவுதான். அவள் சொன்ன வருடம் செவ்வந்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

நான் லின்னுக்கு எழுதினேன். பதில் வருமா என்று பயந்துகொண்டே இருந்தேன், இரண்டு மாதம் கழித்து வந்தது. சிப்பிமேட்டில் அவர் முதன்முதலாக எடுத்த பிரதியை, அதாவது கீழ்ப்பாதி வெறுமையாக இருந்த காலத்துப் பிரதியை, படமாக எனக்கு அனுப்பியிருந்தார். அதில் கப்பலில் வந்தவர்கள் இருபத்திரண்டு பேர் என்றுதான் இருக்கிறது, பெயர்கள் இருபத்தொன்றுதான் இருக்கின்றன, லின்னின் குறிப்பிலும் தச்சரின் கணக்குப் பிழை என்றே எழுதியிருக்கிறது. நான் படத்தைப் பெரிதாக்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன், சந்தேகம் வரக் கூடாது என்று மூன்று முறை பார்த்தேன். தாள் முழுக்கக் கல்லின் பொரி விழுந்திருக்கிறது. கடைசி வரிசையின் கடைசிக் கட்டத்தில் மட்டும், நான்கு பக்கமும் நேராக, மழமழவென்று ஒரு சதுரம், அதில் ஒரு பொரிகூட விழவில்லை.